அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே: 2005இல் 14 செனட்டர்கள் எழுதிய உடன்பாடு

எந்த நிகழ்வு

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதிகள் ஆயுள்காலப் பதவியில் அமர்பவர்கள். ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், செனட் இசைவு தர வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 2ஆவது உறுப்பு 'ஆலோசனையும் இசைவும்' என்று இரண்டு சொற்களில் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆலோசனை எப்போது, யாரிடம், இசைவுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இல்லை. நீதிபதி நியமனத்தில் நடக்கும் சண்டை முழுக்க அந்த வெற்றிடத்துக்குள்தான் நடக்கிறது.

2005 மே மாதம் அந்தச் சண்டை செனட்டின் நடைமுறை விதியையே முறித்துப்போடும் நிலைக்கு வந்தது. கட்சிக்கு 7 பேராக 14 செனட்டர்கள் ஒரு சிறிய உடன்பாட்டில் கையெழுத்திட்டு அதைத் தடுத்தார்கள். அவர்கள் எதைக் கணக்கிட்டார்கள், எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், பிறகு என்ன ஆனது என்பதை இந்த ஆய்வு வரிசையாகப் பார்க்கிறது. முடிவுகளும் அவற்றின் காரணங்களும்தான் இங்கே முக்கியம். அதனால் ஜனாதிபதிகளைத் தவிர மற்றவர்களைப் பதவியாலும் மாநிலத்தாலும் மட்டும் குறிப்பிடுகிறோம்.

பின்னணி: ஒரு நியமனத்தைத் தடுக்க இரண்டு இடங்கள்

100 பேர் கொண்ட செனட்டில் நியமனத்தை உறுதிசெய்ய வாக்களிப்பவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அந்த வாக்கெடுப்புவரை வந்து சேர வேண்டும். வழியில் இரண்டு இடங்களில் அதை நிறுத்த முடிந்தது.

முதல் இடம் நீதித்துறைக் குழு. ஒரு மாநிலத்திலிருந்து ஒருவரை நியமிக்கும்போது அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் குழுவிலிருந்து நீல நிறத்தாள் ஒன்று போகும். ஆட்சேபம் இல்லை என்று அதில் குறித்துத் திருப்பி அனுப்பினால் விசாரணைக் கூட்டம் நடக்கும். தாள் திரும்பி வராவிட்டால் பெரும்பாலும் கோப்பு அங்கேயே கிடக்கும். இது விதி அல்ல, வழக்கம். குழுத் தலைவர் மாறினால் வழக்கத்தின் கடுமையும் மாறும். 1995 முதல் செனட் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த ஆண்டுகளில் ஜனாதிபதி கிளிண்டன் முன்மொழிந்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் வாக்கெடுப்பையே காணாமல் போனார்கள். அவர்களில் பலருக்கு விசாரணைக் கூட்டம்கூட நடக்கவில்லை. மிச்சிகன் மாநில மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1997 ஜனவரியில் 6ஆவது சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டார். கிளிண்டனின் பதவிக்காலம் முடியும்வரை 4 ஆண்டுகள் அவரைக் குழு அழைக்கவே இல்லை. இவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் சபைத்தளம். செனட்டில் விவாதத்துக்குக் காலவரம்பு கிடையாது. விவாதத்தை முடிக்க 22ஆவது விதியின்படி 'க்ளோச்சர்' கொண்டுவர வேண்டும். 16 பேர் கையெழுத்திட்ட மனுவைத் தாக்கல் செய்தால், இடையில் ஒரு அலுவல் நாள் விட்டு அடுத்த நாள் வாக்கெடுப்பு. 60 பேர் ஆதரித்தால், அதன்பின் அதிகபட்சம் 30 மணி நேரத்தில் விவாதம் முடிந்து இறுதி வாக்கெடுப்பு வரும். 1917இல் இந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975இல் அது 60 ஆகக் குறைந்தது.

இப்படி விவாதத்தை முடியவிடாமல் வாக்கெடுப்பைத் தடுப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். அது ஒருவர் விடிய விடிய நின்று பேசுவது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. நடைமுறை அப்படி இல்லை. 60 என்பது வந்திருப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் எண்ணப்படுகிறது. எனவே தடுப்பவர்கள் பேசவும் வேண்டாம், சபைக்கு வரவும் வேண்டாம். 60 பேரைத் திரட்டிக் காட்டும் பாரம் முழுவதும் முடிக்க நினைப்பவர்கள் தலையில் விழுகிறது.

கவனத்துக்கு வந்தவை: 2001 முதல் 2005 வரை

ஜனாதிபதி புஷ் 2001 மே 9இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு முதல் 11 பெயர்களை அறிவித்தார். சில நாட்களில் வெர்மான்ட் செனட்டர் ஒருவர் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதால் செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. 2003இல் மறுபடி குடியரசுக் கட்சியிடம் வந்தது. குழுவில் தடுக்கும் வசதியை இழந்த ஜனநாயகக் கட்சியினர் சபைத்தளத்துக்கு மாறினார்கள்.

2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மேல்முறையீட்டு நீதிமன்ற நியமனங்கள் 10 ஃபிலிபஸ்டரில் மாட்டின. வாஷிங்டன் டி.சி. சர்க்யூட்டுக்கு முன்மொழியப்பட்ட வழக்கறிஞர் ஒருவர் மீது 7 முறை க்ளோச்சர் கொண்டுவந்தும் 60 எட்டவில்லை. 2003 செப்டம்பரில் அவர் தாமே விலகிக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பெரும்பான்மைக் கட்சி ஏறத்தாழ 40 மணி நேரம் சபையை இடைவிடாமல் நடத்திப் பார்த்தது. கட்டில்கள்கூடக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு வாக்கும் நகரவில்லை. 2004 தொடக்கத்தில் புஷ், சபை கூடாத இடைவெளியைப் பயன்படுத்தி இருவரைத் தற்காலிகமாக நியமித்தார். அவர்களில் ஒருவர் அலபாமாவின் அட்டர்னி ஜெனரல்.

இரு கட்சியும் மற்றதைப் பற்றிச் சொன்ன குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தது. குழுவில் சத்தமில்லாமல் புதைப்பதும் சபையில் வெளிப்படையாகத் தடுப்பதும் விளைவில் ஒன்றுதான். ஆனால் அவரவர் செய்தது அவரவர் கணக்கில் தற்காப்பாக மட்டுமே பதிவானது. எந்தச் சமரசத்துக்கும் முதல் முட்டுக்கட்டை இதுதான்: 'சமநிலை' எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதிலேயே உடன்பாடு இல்லை.

2004 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 55 இடம். ஜனநாயகக் கட்சிக்கு 44, அவர்களோடு சேர்ந்து இயங்கிய சுயேச்சை 1. ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவரே தெற்கு டகோட்டாவில் தோற்றுப்போனார். 2005 பிப்ரவரியில் புஷ், தடுக்கப்பட்ட 10 பேரில் 7 பேரை மறுபடி முன்மொழிந்தார்.

திட்டமிடப்பட்ட முறிப்பு

'அணுகுண்டு வழி' என்று எல்லோரும் அழைத்த திட்டத்தை அதன் ஆதரவாளர்கள் 'அரசமைப்பு வழி' என்றார்கள். செய்முறை இப்படி: நியமனம் ஒன்றின் மீது விவாதம் நடக்கும்போது பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஓர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவார். நீதிபதி நியமனத்தில் விவாதத்தை முடிவின்றி நீட்டுவது செல்லாது என்பார். சபைக்குத் தலைமை தாங்கும் துணை ஜனாதிபதி அதை ஏற்பார். எதிர்த்தரப்பு அந்த முடிவின் மீது முறையீடு செய்யும். அந்த முறையீட்டை ஒதுக்கிவைக்கும் தீர்மானத்தின் மீது விவாதம் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். 50 வாக்கும் துணை ஜனாதிபதியின் ஒரு வாக்கும் சேர்ந்தால் முடிந்தது. அன்றிலிருந்து நீதிபதிகளுக்கு 60 என்ற வாசல் இல்லை.

விதியை மாற்ற வேண்டுமானால் அந்த விவாதத்தை முடிப்பதற்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று 22ஆவது விதி சொல்கிறது. இந்த வழியில் விதிப்புத்தகத்தின் ஓர் எழுத்தும் மாறாது. முன்னுதாரணம் மட்டும் மாறும். இதனால்தான் மூத்த செனட்டர்கள் இதைக் கண்டு பதறினார்கள். 50 பேர் இன்று இதற்குச் செய்வதை நாளை வேறு 50 பேர் எதற்கும் செய்யலாம்.

ஜனநாயகக் கட்சித் தலைவரின் பதில் மிரட்டலும் வெறும் பேச்சில்லை. செனட்டின் அன்றாட வேலை 'ஒருமித்த சம்மதம்' என்ற எண்ணெயில்தான் ஓடுகிறது. மசோதாவை முழுதாகப் படிக்காமல் தாண்டுவது, விவாத நேரத்தைப் பங்கிடுவது எல்லாம் யாரும் ஆட்சேபிக்காததால் நடப்பவை. சபை கூடி 2 மணி நேரம் கழிந்தபின் குழுக் கூட்டம் தொடர்வதற்கும் சம்மதம் வேண்டும். 45 பேர் அதைத் தர மறுத்தால் மாதக்கணக்கில் வேலை படுத்துவிடும்.

ஏப்ரல் 28இல் பெரும்பான்மைத் தலைவர் ஒரு யோசனை வைத்தார். மேல்முறையீட்டு மற்றும் உச்ச நீதிமன்ற நியமனம் ஒவ்வொன்றுக்கும் 100 மணி நேரம்வரை விவாதம், பிறகு கட்டாய வாக்கெடுப்பு, குழுவில் புதைக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. அதில் பேசும் நேரம் கூடுகிறது, தடுக்கும் வலு பூஜ்யமாகிறது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரியானது. எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் கடைசியில் 51 என்றால் 60ஐக் கைவிட்டதாகத்தான் பொருள்.

மே 18இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் நியமனம் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது. அவர் 2001இன் முதல் 11 பேரில் ஒருவர். மே 20 வெள்ளியன்று க்ளோச்சர் மனு தாக்கலானது. திங்கள் இடைநாள், செவ்வாய் மே 24 வாக்கெடுப்பு. அது தோற்றால் மேலே சொன்ன வழி தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கணக்கு: ஏன் 14 பேர்

நெப்ராஸ்காவின் ஜனநாயகக் கட்சி செனட்டரும் அரிசோனாவின் குடியரசுக் கட்சி செனட்டரும் முன்னின்று பேசிய இந்தக் குழுவுக்குக் கட்சித் தலைமைகளின் அங்கீகாரம் இல்லை. அவர்களிடம் இருந்தது கணக்கு மட்டும்தான்.

குடியரசுக் கட்சிக்கு 55. அவர்களில் 6 பேர் விலகினால் 49. துணை ஜனாதிபதி வந்தாலும் 50தான், 51 வராது. ஆக, அணுகுண்டு வழியை அடைக்க 6 பேர் போதும். மறுபுறம் ஜனநாயகக் கட்சிக்குச் சுயேச்சையையும் சேர்த்து 45. அவர்களில் 5 பேர் தடுப்பைக் கைவிட்டால் 55உடன் 5 சேர்ந்து 60. ஃபிலிபஸ்டரை உடைக்க 5 பேர் போதும். மொத்தம் 11 பேர் சேர்ந்தால், மற்ற 89 பேர் என்ன நினைத்தாலும், இரண்டு ஆயுதமும் ஒரே நேரத்தில் செயலிழக்கும்.

14 பேர் சேர்ந்தது வீண் கூட்டம் அல்ல. 6க்கு 7 என்பது ஒருவர் பின்வாங்கினாலும் தாங்கும். 5க்கு 7 என்பது இருவர் பின்வாங்கினாலும் தாங்கும். இந்த மெத்தை இல்லாவிட்டால் கடைசியாகக் கையெழுத்திடுபவர் மீது இரண்டு தலைமைகளும் முழு பலத்தோடு சாய்ந்திருப்பார்கள். இப்போது எந்த ஒருவரும் தனியே 'காட்டிக்கொடுத்தவர்' ஆகவில்லை. எண்ணிக்கை சமமாக இருந்ததும் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதற்கு உதவியது.

யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியின் 7 பேரில் 5 பேர் (நெப்ராஸ்கா, ஆர்கன்சா, லூசியானா, கொலராடோ, மேற்கு வர்ஜீனியா) 2004இல் புஷ் வென்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மற்ற இருவர் கனெக்டிகட், ஹவாய். குடியரசுக் கட்சியிலோ மெய்னின் இரு செனட்டர்களும் ரோட் ஐலண்ட் செனட்டரும் புஷ் தோற்ற மாநிலத்தவர்கள். இவர்களோடு அரிசோனா, தென் கரோலினா, வர்ஜீனியா, ஒஹாயோ. பலருக்குச் சமரசம் சொந்த மாநிலத்தில் நட்டமாக இருக்கவில்லை. சமரசக் குழு அமைக்க நினைப்பவர்கள் நல்ல மனமுள்ளவர்களைத் தேடும் முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

மே 23 திங்கள் மாலை, வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், உடன்பாடு அறிவிக்கப்பட்டது. உள்ளடக்கம் நான்கு.

முதலாவது, பெயர் சொல்லி மூவருக்கு வழிவிட்டது: டெக்சாஸ் நீதிபதி, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதி, அலபாமாவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். 14 பேரும் இவர்கள் மீதான க்ளோச்சருக்கு வாக்களிப்பார்கள். இறுதி வாக்கெடுப்பில் எப்படி வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். இந்தப் பிரிவினைதான் உடன்பாட்டைச் சாத்தியமாக்கியது என்பது எங்கள் கருத்து. 'வாக்கெடுப்பு நடக்கட்டும்' என்பதும் 'இவர் நீதிபதி ஆகட்டும்' என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்று அது ஒத்துக்கொண்டது.

இரண்டாவது, இருவரைப் பற்றி உறுதி எதுவும் இல்லை என்று எழுதியது. ஒருவர் 9ஆவது சர்க்யூட்டுக்கு முன்மொழியப்பட்ட உள்துறை அமைச்சகத்தின் முன்னாள் சட்ட அதிகாரி, மற்றவர் 6ஆவது சர்க்யூட்டுக்கு முன்மொழியப்பட்ட மிச்சிகன் நீதிபதி. 'கைவிடுகிறோம்' என்று எழுதியிருந்தால் குடியரசுக் கட்சியினர் எழுவரும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். 'உறுதி இல்லை' என்பதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. இருவருமே கடைசிவரை உறுதிசெய்யப்படவில்லை.

மூன்றாவது, எதிர்கால நியமனங்கள். 'அசாதாரணச் சூழலில்' மட்டுமே ஃபிலிபஸ்டர் செய்யலாம், அத்தகைய சூழல் எது என்பதைக் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் தம் விவேகப்படி முடிவுசெய்யலாம். பதிலுக்கு, 109ஆவது காங்கிரஸ் (நாடாளுமன்றத்தின் ஈராண்டுக் காலம்) முடியும்வரை, அதாவது 2007 ஜனவரி வரை, விதியை மாற்றும் எந்த முயற்சியையும் எதிர்ப்பதாக உறுதி.

'அசாதாரணம்' என்பதை வரையறுக்காதது சோம்பல் அல்ல. வரையறை எழுத உட்கார்ந்திருந்தால் செவ்வாய் காலைக்குள் முடிந்திருக்காது. ஒருவருக்குக் கருக்கலைப்புத் தீர்ப்பு அளவுகோல், இன்னொருவருக்கு நன்னடத்தை மட்டுமே அளவுகோல். ஆனால் வரையறை இல்லாத இடத்தில் தண்டனை வேறு உருவில் வந்து உட்கார்ந்தது. ஜனநாயகக் கட்சியினர் இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தோன்றினால் அணுகுண்டு வழியை ஆதரிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று ஒஹாயோ செனட்டர் அறிவிப்பின்போதே சொன்னார். அதாவது உடன்பாட்டைக் காத்தது அதன் சொற்கள் மட்டுமல்ல, மேசைக்கடியில் இருந்த அந்த வெடியும்தான்.

நான்காவது, ஆலோசனை. 'ஆலோசனை' என்ற சொல்லுக்கு ஜனாதிபதி பெயரை அனுப்பும் முன் இரு கட்சிச் செனட்டர்களையும் கலந்து பேசுவது என்று பொருள் கொண்டு, அப்படிச் செய்யுமாறு நிர்வாகத்தை ஊக்குவித்தது. மொழி கவனமானது: விதி மாற்றத்தை எதிர்ப்பதில் 'உறுதியளிக்கிறோம்', இதில் 'ஊக்குவிக்கிறோம்'. வெள்ளை மாளிகை அந்த மேசையில் இல்லை, எனவே அதைக் கட்டுப்படுத்தவும் முடியவில்லை. சண்டையின் வேர் இருந்த இடம் இதுதான். உடன்பாடு மிகவும் மெலிந்திருந்ததும் இங்கேதான்.

தொடர்ந்து நடந்தவை

மே 24 வாக்கெடுப்பில் டெக்சாஸ் நீதிபதி மீதான க்ளோச்சர் 81-18 என்று நிறைவேறியது. முடிவு தெரிந்துவிட்டதால் 14 பேருக்கு வெளியே இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் இறுதி வாக்கெடுப்பு 55-43. ஒரு நாள் இடைவெளியில் 26 வாக்கு வித்தியாசம். கலிஃபோர்னியா நீதிபதிக்கு க்ளோச்சர் 65-32, இறுதியில் ஜூன் 8இல் 56-43.

ஜூன் 9இல் அலபாமாக்காரர் 53-45இல் உறுதிசெய்யப்பட்டதைக் கூர்ந்து பார்க்கலாம். குடியரசுக் கட்சியில் கையெழுத்திட்ட மூவர், அதாவது மெய்னின் இருவரும் ரோட் ஐலண்ட் செனட்டரும், அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியில் கையெழுத்திட்ட நெப்ராஸ்கா, கொலராடோ செனட்டர்கள் ஆதரித்தார்கள். கட்சிக் கோடு இரண்டு பக்கமும் உடைந்தது. கதவைத் திறந்துவிடுவது வேறு, உள்ளே அழைப்பது வேறு என்ற பிரிவினை தாளிலிருந்து சபைக்கு வந்துவிட்டதற்கு இந்த ஒரு வாக்கெடுப்பே சாட்சி. அதே நாளில் 6ஆவது சர்க்யூட்டுக்கான வேறு இரு மிச்சிகன்காரர்கள் ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல், 95-0, 96-0 என்று நிறைவேறினார்கள். அவர்களும் முன்பு தடுக்கப்பட்ட 10 பேரில் உள்ளவர்களே.

பெரிய சோதனை உச்ச நீதிமன்றத்தில் வந்தது. ஜூலை 1இல் ஒரு நீதிபதி ஓய்வை அறிவித்தார், செப்டம்பர் 3இல் தலைமை நீதிபதி இறந்தார். புதிய தலைமை நீதிபதி 78-22இல் எளிதாக நிறைவேறினார். அடுத்த இடத்துக்கு வந்தவரை மாசசூசெட்ஸ் செனட்டர்கள் இருவர் ஃபிலிபஸ்டர் செய்ய முயன்றார்கள். 2006 ஜனவரி 30இல் க்ளோச்சர் 72-25. கையெழுத்திட்ட 14 பேரும் ஆதரவாக வாக்களித்தார்கள். மறுநாள் 58-42இல் அவர் உறுதியானபோது, உடன்பாட்டின் ஜனநாயகக் கட்சியினர் எழுவரில் ஆதரித்தவர்கள் இருவரே. ஐந்து பேர் நியமனத்தையே எதிர்த்தபடி, வாக்கெடுப்பைத் தடுக்க மறுத்தார்கள். சொன்ன சொல்லுக்கு நின்றார்கள் என்பதில் ஐயமில்லை.

2006 மே மாதத்தில் டி.சி. சர்க்யூட்டுக்கான ஒரு நியமனத்தில் குழுவின் ஜனநாயகக் கட்சியினர் இரண்டாவது விசாரணைக் கூட்டம் கேட்டார்கள். நடத்தப்பட்டது. பிறகு தடுப்பில்லாமல் 57-36இல் அவர் நிறைவேறினார். 'அசாதாரணம்' என்று முரசறையும் முன் இன்னொரு முறை கேள்வி கேட்டுப் பார்ப்பது என்ற இந்த நடுப்படி உடன்பாட்டில் எழுதப்படவே இல்லை. பழக்கத்தில் உருவானது. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சிகன்: வேறு இடத்தில் நடந்த பேரம்

6ஆவது சர்க்யூட்டின் மிச்சிகன் இடங்கள் அதன்பிறகும் நிரம்பாமல் கிடந்தன. மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் இருவரும் 1990களின் இறுதியில் தங்கள் மாநிலத்தவருக்கு நடந்ததை மறக்கவில்லை. 2007இல் செனட் அவர்கள் கட்சியின் கைக்கு வந்தது. புஷ்ஷுக்கு இரண்டு ஆண்டுதான் மீதி.

2008 ஏப்ரலில் வெள்ளை மாளிகையும் இரு செனட்டர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு காலியிடங்களில் ஒன்றுக்குப் புஷ் ஏற்கெனவே முன்மொழிந்தவரே போவார். மற்றொன்றுக்கு, கிளிண்டன் 1997இல் முன்மொழிந்து குழு கடைசிவரை அழைக்காத அதே மாநில நீதிபதியைப் புஷ்ஷே முன்மொழிவார். அந்த இடத்துக்கு முன்பு குறிக்கப்பட்டிருந்தவர் மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்படுவார். ஜூன் 24இல் மூவரும் ஒரே நாளில் உறுதியானார்கள். அந்த மாநில நீதிபதிக்கு வாக்கு 63-32. 11 ஆண்டுக் காத்திருப்பு.

இதை 2005 உடன்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 14 பேர் வாக்கெடுப்புக் கட்டத்தில் பேரம் பேசினார்கள். அதற்குள் பெயர்கள் உறைந்துவிட்டன, இரு தரப்பும் ஊடகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டன. ஒருவரை ஏற்பது அல்லது தள்ளுவது மட்டுமே மிச்சம். மிச்சிகனில் பெயர் எழுதும் கட்டத்திலேயே பேரம் நடந்தது. இடமும் ஆளும் இன்னும் அசையக்கூடியவையாக இருந்ததால் ஒருவரை வேறு நீதிமன்றத்துக்கு நகர்த்த முடிந்தது, பழைய காயம் ஒன்றை ஆற்ற முடிந்தது. முதல்வகை சண்டையை நிறுத்துகிறது. இரண்டாம் வகை நீதிபதியைத் தருகிறது.

உடன்பாடு காலாவதியான பின்

2006 தேர்தலில் ஒஹாயோ, ரோட் ஐலண்ட் செனட்டர்கள் தோற்றார்கள். 2007 ஜனவரியில் உடன்பாட்டின் காலமும் முடிந்தது. ஆனால் சொற்றொடர் பிழைத்தது. 2011 மே மாதம், ஒபாமா 9ஆவது சர்க்யூட்டுக்கு முன்மொழிந்த சட்டப் பேராசிரியர் ஒருவருக்கு எதிராகக் குடியரசுக் கட்சியினர் 'அசாதாரணச் சூழல்' என்பதையே எடுத்துச் சொன்னார்கள். க்ளோச்சர் 52-43இல் தோற்றது. ஜனநாயகக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்த ஒரே ஆள் நெப்ராஸ்கா செனட்டர். விவேகத்துக்கு விடப்பட்ட சொல் எந்தக் கைக்கும் பொருந்தியது.

2013இல் டி.சி. சர்க்யூட்டின் 3 காலியிடங்களுக்கும் ஒபாமா அனுப்பிய பெயர்கள் வரிசையாகத் தடுக்கப்பட்டன. இம்முறை ஆட்கள் மீது அல்ல, அந்த நீதிமன்றத்துக்கு அத்தனை நீதிபதிகள் வேண்டாம் என்பது தடுத்தவர்களின் முதன்மை வாதம். நவம்பர் 21இல் ஜனநாயகக் கட்சித் தலைவர், தாமே 2005இல் எதிர்த்த வழியில் இறங்கினார். அவர் எழுப்பிய ஒழுங்குப் பிரச்சினையைச் சபைத்தலைமை ஏற்கவில்லை. அவர் முறையிட்டார். தலைமையின் முடிவு நிற்கலாமா என்ற கேள்விக்கு 48-52. உச்ச நீதிமன்றம் தவிர எல்லா நியமனங்களுக்கும் 60 போய்விட்டது. கையெழுத்திட்ட 14 பேரில் அன்று செனட்டில் இருந்தவர்கள் 5 பேர். அவர்களில் ஆர்கன்சா செனட்டர் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்தார், லூசியானா செனட்டர் கட்சியோடு போனார். குடியரசுக் கட்சியின் மூவரும் எதிர்த்தார்கள்.

2017 ஏப்ரல் 6இல் குடியரசுக் கட்சி அதே முறையில் உச்ச நீதிமன்றத்துக்கும் 60ஐ நீக்கியது. மீதமிருந்த மூன்று கையெழுத்தாளர்களும் இம்முறை நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவரான மெய்ன் செனட்டர் அதே வாரத்தில், மசோதாக்களுக்கான ஃபிலிபஸ்டரையாவது தொடக்கூடாது என்று கடிதம் எழுதி 61 பேரின் கையெழுத்தைத் திரட்டினார்.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

உடன்பாடு தோற்றது என்று சொல்வது அநியாயம். எழுதிய காலத்துக்கு எழுதியதைச் செய்தது. அந்த காங்கிரஸில் விதி உடையவில்லை, உறுதிசொன்ன மூவரும் வந்தார்கள், உச்ச நீதிமன்ற நியமனங்கள் இரண்டும் வாக்கெடுப்பைக் கண்டன. குறை அதன் கட்டுமானத்தில் இருந்தது.

அது ஆட்களைக் கட்டியது, இடங்களைக் கட்டவில்லை. 14 பேர் 5 ஆனபோது பிடி தானாகத் தளர்ந்தது. கையெழுத்திட்டவர் விலகினால் அவர் கட்சியிலிருந்து இன்னொருவர் சேர்வது, புதிய காங்கிரஸ் தொடங்கும் வாரத்தில் மறுபடி கையெழுத்திடுவது என்ற ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பெரும்பான்மை கைமாறினாலும் அதே வரிகள் பொருந்தும் என்று அன்றே எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஜனாதிபதி எந்தக் கட்சி என்று தெரியாத நாளில்தான் இத்தகைய வரியை நேர்மையாக எழுத முடியும். 2005 மே அப்படி ஒரு நாள்.

'அசாதாரணம்' என்பதற்கு வரையறை வேண்டாம், நடைமுறை வேண்டும். ஒருவர் அப்படிக் கருதினால் காரணத்தை மற்ற 13 பேருக்கு எழுத்தில் தர வேண்டும், இரண்டாவது விசாரணைக் கூட்டம் கேட்க வேண்டும், அதன்பிறகே தடுக்கலாம் என்றிருந்தால் போதும். 2006இல் தற்செயலாக நடந்ததையே விதியாக்கியிருக்கலாம். ஆள்மீதான ஆட்சேபத்தையும் 'இந்த நீதிமன்றத்துக்கு ஆளே வேண்டாம்' என்ற ஆட்சேபத்தையும் அந்த எழுத்து பிரித்துக் காட்டியிருக்கும். 2013இன் வெடிப்பு இரண்டாவது வகையில்தான் தொடங்கியது.

கடைசியாக, ஆலோசனைப் பத்தியை ஊக்குவிப்போடு விட்டிருக்கக் கூடாது. வெள்ளை மாளிகையைக் கட்டுப்படுத்த முடியாதுதான். ஆனால் தங்கள் வாக்கைக் கட்டுப்படுத்த 14 பேருக்கும் முடியும். 'சொந்த மாநிலச் செனட்டர்கள் இருவரையும் கலக்காமல் அனுப்பும் பெயருக்கு எங்கள் க்ளோச்சர் வாக்கு உறுதி இல்லை' என்று ஒரே வரி எழுதியிருந்தால், அன்றைய கணக்கில் எந்த ஜனாதிபதியும் அதைத் தாண்டியிருக்க முடியாது. நீலத்தாள் வழக்கத்துக்கு அது முதுகெலும்பு கொடுத்திருக்கும். அது நடக்கவில்லை. 2017இல் நீதித்துறைக் குழு, தாள் திரும்பாத மேல்முறையீட்டு நியமனங்களையும் முன்னெடுக்கத் தொடங்கியது. மிச்சிகனில் 2008இல் செய்த பேரத்துக்கு அந்த இடங்களில் இப்போது பிடிமானம் இல்லை. மாவட்ட நீதிமன்ற நியமனங்களுக்கு மட்டும் அந்தத் தாள் இன்னும் போய் வருகிறது.